எச்டிபி வீட்டுக்கு கதவு சென்சாரா மோஷன் சென்சாரா, எதுக்கு முதல்ல காசு போடலாம்?

சிங்கப்பூர்ல ஸ்கூல் லீவு விட்டதும் குடும்பத்தோட ஒரு மாசம் இந்தியாவுக்கு, நம்ம ஊருக்குக் கிளம்புறவங்க எல்லாரும் கேக்கறது இது தான், வீட்டைப் பூட்டிட்டுப் போனா போதுமா இல்ல அலாரம் மாதிரி ஏதாச்சும் வைக்கணுமா, வச்சா கதவுல ஒட்டுற சென்சாரா, ஆள் நடமாட்டத்தைப் பாக்கற மோஷன் சென்சாரா, ரெண்டும் வேணும்னா எது முதல்ல. என் கருத்தை நேரா சொல்லிடுறேன். எச்டிபி ஃப்ளாட்டா, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடா இருந்தா முதல் காசு வாசலுக்கும் காரிடார் (வெளிய எல்லாரும் நடக்கற பொது வராந்தா) பக்க ஜன்னலுக்கும் கதவு சென்சார் வாங்க, மிச்சம் இருந்தா ஒரே ஒரு மோஷன் சென்சார், அதையும் சரியான இடத்துல வைக்கணும். தரைவீடா, அதாவது டெரஸ், பங்களா மாதிரி வீடா இருந்தா இந்த வரிசை அப்படியே மாறிடும், அதைக் கடைசியில சொல்றேன்.

சிங்கப்பூர்ல யாருங்க திருட வரப்போறான்னு கேக்கறவங்க உண்டு. திருட்டு கம்மி தான், ஆனா குற்றம் கம்மின்னா குற்றமே இல்லன்னு நினைச்சுக்காதீங்கன்னு போலீஸே லிஃப்ட் லாபியில போஸ்டர் ஒட்டி வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்காங்க. 2024ல ஜூன்ல இருந்து ஆகஸ்ட் ஆரம்பத்துக்குள்ள ரயில் காரிடார் (பழைய ரயில் பாதையில இருக்கற நடைபாதை), புக்கிட் தீமா ரோடு பக்கத்து தனியார் வீடுகள்ல மட்டும் 10 வீட்டுல புகுந்து திருடினதா போலீஸ் சொன்னாங்க. அதெல்லாம் பெரிய வீடு, நம்ம ஃப்ளாட்டுக்கு அது வராதுன்னு விட்டுடலாம் தான், ஆனா காரிடார் வீட்டுல ஜன்னல் திறந்திருக்கற நேரம் கையை விட்டு மேசை மேல இருக்கற போனையோ சாவியையோ எடுக்கறதுக்கு பெரிய கும்பல் எல்லாம் தேவையில்ல.

சரி, கதவு சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம், ஏன்னா இது தெரிஞ்சா எங்க ஏமாத்தும்னும் தெரிஞ்சிடும். ரெண்டு துண்டு இருக்கும், ஒண்ணுல வெறும் காந்தம், இன்னொண்ணுல ரீட் ஸ்விட்ச். ரீட் ஸ்விட்ச்னா ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள காந்தத்துக்கு இழுபடற மெல்லிசான ரெண்டு உலோகப் பட்டை, நுனி மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு தொடாம நிக்கும். காந்தம் கிட்ட வந்தா ரெண்டும் ஒட்டிக்கும், கதவைத் திறந்து காந்தம் தள்ளிப் போனா பிரிஞ்சிடும், அந்தப் பிரிவைத் தான் சென்சார் "கதவு திறந்துச்சு"ன்னு அனுப்புது. 1936ல பெல் லேப்ஸ்ல வால்டர் எல்வுட்ங்கறவர் கண்டுபிடிச்சது, இன்னிக்கும் அதே தத்துவம் தான். கரண்ட் கிட்டத்தட்ட செலவே ஆகாததால ஒரு சின்னக் காசு பேட்டரி, சிஆர்2032 மாதிரி, சாதாரணமா ஒரு வருஷம் ரெண்டு வருஷம் தாங்கும். வெயில், ஃபேன், பல்லி, பூனை எதுவும் இதைத் தொந்தரவு பண்ணாது. பொய் அலாரம் ரொம்ப ரொம்ப கம்மி, எனக்கு இதுல பிடிச்சதே அது தான்.

ஆனா நம்ம வீட்டு வாசல் மத்த நாட்டு வாசல் மாதிரி கிடையாது. உள்ள மரக்கதவு, வெளிய இரும்பு கேட். பகல்ல முக்கால்வாசி வீட்டுல காத்துக்காக மரக்கதவைத் திறந்து வச்சிட்டு கேட்டை மட்டும் பூட்டிட்டு இருப்பாங்க, அதுவும் வீட்டுல வயசான அம்மா அப்பா இருந்தா கதவைச் சாத்தவே விடமாட்டாங்க. அப்ப மரக்கதவுல ஒட்டின சென்சார் பகல் முழுக்க "திறந்திருக்கு"ன்னே சொல்லிட்டு இருக்கும், அதுனால ஒரு பிரயோஜனமும் இல்ல. வீட்டுல ஆள் இருக்கும்போதும் பாதுகாப்பு வேணும்னா கேட்டுக்கும் ஒண்ணு வேணும். இதுல தான் சிக்கல், காந்தத்தை நேரா இரும்பு மேல ஒட்டினா அதோட இழுவை இரும்புக்குள்ளயே ஓடிடும், பாக்ஸ்ல 20 மில்லிமீட்டர் இடைவெளி வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கறது கேட்டுல பாதி கூட வராது. கேட்டைப் பூட்டினப்புறமும் ஆப்ல "திறந்திருக்கு"ன்னு காட்டும், இல்லனா காத்துல கேட் லேசா ஆடினாலே அலாரம் அடிக்கும். காந்தத்துக்கும் கேட்டுக்கும் நடுவுல அஞ்சாறு மில்லிமீட்டர் தடிமனா ஒரு பிளாஸ்டிக் துண்டு வச்சு ஒட்டினா நிறைய வித்தியாசம் தெரியும், அதுக்கும் சரி வரலன்னா இரும்புக் கதவுக்குன்னே பெரிய காந்தத்தோட வர்ற சென்சார் இருக்கு, சிம் லிம் ஸ்குவேர்ல செக்யூரிட்டி சாமான் விக்கற கடையில கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. இன்னொண்ணு, உங்க வாசக் கதவு தீத்தடுப்புக் கதவா இருந்தா ஸ்குரூ போட்டு ஓட்டை போடாதீங்க, டேப் போட்டு ஒட்டினா போதும், ஆனா சிங்கப்பூர் ஈரத்துல டேப் சீக்கிரம் விட்டுடும், ஒட்டறதுக்கு முன்னாடி ஆல்கஹால்ல துடைச்சு காய வச்சு ஒட்டுங்க.

கதவு சென்சார் சொல்லாத விஷயம் ரெண்டு இருக்கு. கதவு சாத்தியிருக்குன்னு சொல்லும், பூட்டியிருக்கான்னு சொல்லாது. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில போகும்போது ஆப்பைப் பார்த்து "மூடியிருக்கு"ன்னு நிம்மதியாகிடாதீங்க, பூட்டினது தெரியணும்னா டிஜிட்டல் லாக்கோட ஆப் தான் பார்க்கணும். ரெண்டாவது, ஜன்னல் ஃபிரேம் அசையாம கண்ணாடியை மட்டும் எடுத்துட்டாலோ கிரில்லை அறுத்துட்டாலோ இதுக்குத் தெரியவே தெரியாது. இதை விடப் பெரிய பிரச்சனை ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்கற பழக்கம், திறந்த ஜன்னல்ல கதவு சென்சாரை ஆன் பண்ணவே முடியாது. அதனால காரிடார் பக்க ரூம்ல மட்டும் படுக்கும்போது ஜன்னலைச் சாத்திடறது, மத்த பக்க ஜன்னல், பத்தாவது மாடி பன்னண்டாவது மாடின்னா, அதுக்கெல்லாம் சென்சாரே வேணாம்.

இப்ப மோஷன் சென்சார். கடையில விக்கறதுல பெரும்பாலானது பிஐஆர் (பாஸிவ் இன்ஃப்ராரெட்) வகை. இது எதையும் வெளிய அனுப்பாது, நம்ம உடம்புல இருந்து வர்ற வெப்பக் கதிரை மட்டும் வாங்கிக்கும், மனுஷ உடம்பு 10 மைக்ரோமீட்டர் கிட்டத்துல அதிகமா வெளிவிடற அகச்சிவப்புக் கதிர். உள்ள ரெண்டு உணரி ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா இணைச்சிருக்கும், ரூம் முழுக்க ஒரே மாதிரி சூடானா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும், ஒரு பக்கம் மட்டும் மாறினா தான் சிக்னல் வரும். முன்னாடி இருக்கற வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் ரூமை பட்டை பட்டையாப் பிரிச்சு உணரிக்குக் காட்டுது, கையை விரிச்சு விரல் இடுக்கு வழியா பாக்கற மாதிரி வச்சுக்கங்க, ஆள் ஒரு இடுக்குல இருந்து அடுத்த இடுக்குக்குத் தாண்டும்போது தான் மாற்றம் தெரியும். இதனால குறுக்க நடக்கறவரை டக்குனு பிடிக்கும், நேரா அதை நோக்கி நடந்து வர்றவரை லேட்டா தான் பிடிக்கும். நிறைய பேர் வாசக் கதவுக்கு நேர் எதிர் சுவத்துல மாட்டிடறாங்க, உள்ள வர்றவன் நேரா சென்சாரை நோக்கி வருவான், அது தான் பிஐஆருக்கு ரொம்ப வீக்கான திசை. பக்கச் சுவத்துல, மூலையில, ஹால்ல இருந்து பெட்ரூமுக்குத் திரும்பற நடைக்குக் குறுக்க பாக்கற மாதிரி, தரையில இருந்து ரெண்டு மீட்டர் ரெண்டே கால் மீட்டர் உயரத்துல வச்சா ஒண்ணு போதும். எந்த ஜன்னல் வழியா வந்தாலும் பீரோ இருக்கற ரூமுக்குப் போக அந்த நடையைத் தாண்டித் தான் ஆகணும்.

இந்த ஊருக்குன்னு பிஐஆர்ல ஒரு பெரிய விஷயம் இருக்கு, விக்கறவங்க யாரும் சொல்றதில்ல. அது பாக்கறது சூட்டோட வித்தியாசத்தை. குளிர் நாட்டுல ரூம் 20 டிகிரி, மனுஷன் தோல் 33, 34 டிகிரி, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். இங்க நாம ஊருக்குப் போயிட்டோம்னா வீட்டுல ஏசி ஆஃப், ஃபேன் ஆஃப், ஜன்னல் எல்லாம் சாத்தி, மேற்கு பாத்த ஹாலா இருந்தா மத்தியானம் 2, 3 மணிக்கு உள்ள 32, 33 டிகிரிக்குப் போயிடும். அப்ப ஆளுக்கும் சுவத்துக்கும் சூட்டுல பெரிய வித்தியாசமே இருக்காது, சென்சார் பிடிக்கற தூரம் குறைஞ்சிடும். நல்ல சென்சார்ல வெப்பத்துக்கு ஏத்த மாதிரி தானே உணர்திறனைக் கூட்டிக்கற வசதி இருக்கும், வாங்கும்போது அது இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. நாம வீட்டுல இல்லாத நேரத்துல தான் இது சரியா வேலை செய்யணும், அந்த நேரத்துல தான் வீடும் அதிகமா சூடாகுது. கதவு சென்சாரை நான் முன்னாடி வைக்கறதுக்கு இதுவே பாதி காரணம்.

மிச்சப் பாதி பொய் அலாரம். செங்காங்ல அக்கா வீட்டுல ஹால்ல மட்டும் மோஷன் சென்சாரை ராத்திரி ஆன் பண்ணி வச்சுத் தூங்குவாங்க, ஒரு நாள் விடிகாலை மூணு மணிக்கு சைரன் அலறுது. மச்சான் ஓடி வந்து லைட் போட்டுப் பார்த்தா கதவு பூட்டினபடி இருக்கு, ஜன்னல் சாத்தினபடி இருக்கு, சென்சாரோட வெள்ளை லென்ஸ் மேல ஒரு குட்டிப் பல்லி குறுக்க ஒட்டிட்டு அசையாம இருக்கு, வால் மட்டும் கீழ் ஓரத்துல தொங்குது. பல்லிக்கு உடம்புச் சூடு தனியா கிடையாதுன்னாலும் லென்ஸ் மேலயே உக்காந்து நகர்ந்தா ரெண்டு மூணு பட்டையை மொத்தமா மறைச்சு மறைச்சு விடுது, சென்சாருக்கு அது ஒரு ஆள் நடந்த மாதிரி. அக்கா சொல்லுச்சு, "இதுக்கு பயந்து இனிமே ஆன் பண்ணவே மாட்டேன்டா"ன்னு, அது தான் பொய் அலாரத்தோட உண்மையான நஷ்டம், ரெண்டு தடவை அடிச்சா மூணாவது தடவை யாரும் ஆன் பண்றதில்ல. ராத்திரி எரியற லைட் பக்கத்துல மாட்டாதீங்க, லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். சென்சாருக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து இருந்தா சிலிக்கான் வச்சு அடைச்சிடுங்க, பல்லி பின்னாடி குடியிருக்க அந்தச் சந்து போதும். சாமி மேடைக்கு நேரா பாக்கற மாதிரியும் வேணாம், எண்ணெய் விளக்குச் சுடர் ஆடறதும் வெப்பம் ஆடறது தான். ஏசி காத்து நேரா லென்ஸ்ல படக்கூடாது, சாயங்கால வெயில் நேரா விழக்கூடாது.

ஒரு சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு, ஹால்ல உள்ள இருந்து ஜன்னல் கண்ணாடி வழியா காரிடாரைப் பாக்கற மாதிரி பிஐஆர் வச்சா வெளிய நிக்கறவனையே பிடிச்சிடலாமேன்னு. முடியாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்த அலைநீளத்து வெப்பக் கதிரை விடவே விடாது, பிஐஆருக்குக் கண்ணாடியும் சுவர் தான்.

அப்ப ரேடார்? இப்ப மில்லிமீட்டர் வேவ் ரேடார்னு 24 இல்ல 60 கிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யற சென்சார் நிறைய வந்திருக்கு, அலையை அனுப்பி திரும்பி வர்ற மாற்றத்தை வச்சு அசைவைப் பாக்குது, சோபாவுல அசையாம உக்காந்திருக்கறவரோட மூச்சு விடற அசைவு வரைக்கும் பிடிக்கும், ரூம் சூடு இதுக்கு ஒரு பொருட்டே இல்ல. கேக்க ரொம்ப நல்லா இருக்கு, லைட்டைத் தானா போட்டு அணைக்க அருமையான சாமான், பாத்ரூம்ல வயசானவங்க ரொம்ப நேரம் இருக்காங்களான்னு பாக்கக் கூட உதவும். ஆனா திருட்டு அலாரத்துக்கு நம்ம வீட்டுல வேணாம்னு தான் சொல்வேன். சீலிங் ஃபேன் சுத்தறது, திரைச்சீலை ஆடறது, துணிக் கம்பியில ஈரச் சட்டை ஆடறது எல்லாமே அதுக்கு அசைவு தான். கான்கிரீட் சுவரைத் தாண்டாது, ஆனா கண்ணாடியையும் மரக்கதவையும் தாண்டிப் போகும், காரிடார்ல பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க சைக்கிள் ஓட்டினா உங்க வீட்டுல அலாரம் வரும். நிறைய மாடலுக்குப் பேட்டரி போதாது, ஒயர் இழுத்து கரண்ட் குடுக்கணும். பிஐஆரும் மைக்ரோவேவும் (இதுவும் ரேடார் மாதிரி அலை அனுப்பிப் பாக்கறது) சேர்ந்து ரெண்டும் ஒத்துக்கிட்டா மட்டும் அடிக்கற இரட்டை வகை இருக்கு, அது நல்லது, ஆனா அதோட இடம் தரைவீட்டுப் போர்ட்டிகோ.

இன்னொரு முக்கியமான வித்தியாசம் வீட்டுல ஆள் இருக்கற நேரம். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது கதவு சென்சாரை எந்தக் கவலையும் இல்லாம ஆன் பண்ணிடலாம், அப்பா தண்ணி குடிக்க எழுந்து வந்தாலும் பணிப்பெண் கிச்சனுக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாது. மோஷன் சென்சாரை அப்படி ஆன் பண்ணா மூணு ரூம் வீட்டுல, நாலு ரூம் வீட்டுல யாராச்சும் ஒருத்தர் கட்டாயம் அதுக்குக் குறுக்க வந்துடுவாங்க. வருஷத்துல 11 மாசம் வீட்டுல இருந்துட்டு ஒரு மாசம் தான் ஊருக்குப் போறோம், 12 மாசமும் வேலை செய்யறது எதுவோ அதுக்கு முதல் காசு.

கேமரா தனி. அது தடுக்கற சாமான் இல்ல, யாரு வந்தாங்கன்னு தெரிஞ்சுக்கற சாமான், ஆனா கந்துவட்டிக்காரன் ஆளுங்க கதவுல பெயின்ட் ஊத்தற தொல்லை இருக்கற பிளாக்ல சென்சாரை விட அது தான் உதவும். 2023ல இருந்து வீட்டுக்குள்ள வச்சு காரிடாரைப் பாக்கற கேமராவுக்கு அனுமதி கேக்கத் தேவையில்ல, எதிர் வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பாக்காம இருந்தா போதும். வெளிய பொது இடத்துல மாட்டணும்னா டவுன் கவுன்சில்கிட்ட கேக்கணும்.

எதை வாங்கினாலும் அது எப்படிப் பேசுதுன்னு பாருங்க. ரொம்ப மலிவான செட்ல சென்சார் ஒரு வழியா கத்தும், ஹப் (எல்லா சென்சாரோட சிக்னலையும் வாங்கி ஆப்புக்கு அனுப்பற பெட்டி) கேக்கும், அவ்வளவு தான், பேட்டரி செத்துப் போனாலும் ஹப்புக்குத் தெரியாது, நீங்களும் எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. ரெண்டு வழியா பேசற சிஸ்டம்ல சென்சார் அப்பப்ப "இருக்கேன்"னு சொல்லும், சத்தம் வரலன்னா ஆப்ல ஆஃப்லைன்னு காட்டும், கொஞ்சம் காசு கூடப் போனாலும் அதை எடுங்க. ஹப்பை பாம் ஷெல்டருக்குள்ள (ஃப்ளாட்டுக்குள்ளயே இருக்கற குண்டு தாங்கற சின்ன ரூம்) வைக்காதீங்க, ரவுட்டரோட சேர்த்து அங்க தள்ளி விடற வீடு நிறைய பார்த்திருக்கேன், அந்தக் கனமான கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சிக்னலை முழுங்கிடும். அப்புறம் சிஎஸ்ஏங்கற சிங்கப்பூர் சைபர் பாதுகாப்பு அமைப்போட லேபிள், 2020ல ஆரம்பிச்சது, நாலு லெவல் இருக்கு, கேமராவும் ஹப்பும் வாங்கும்போது அந்த லேபிள் இருக்கற மாடலாப் பாருங்க.

ஊருக்குக் கிளம்பும்போது நம்ம வீட்டுல பழக்கம் என்ன, மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுப் போறது. ஹப்பும் ரவுட்டரும் செத்துடும், சென்சார் உயிரோட இருந்தும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. வேண்டாத ஸ்விட்சை மட்டும் தனித்தனியா அணைச்சுட்டு ரவுட்டர் லைனை விட்டுடுங்க. ஊர்ல இறங்கி உள்ளூர் சிம் போட்டாலும் டேட்டா இருந்தா ஆப் வேலை செய்யும், ஆனா இங்க விடிகாலை 3 மணின்னா அங்க ராத்திரி 12:30, போன் சைலன்ட்ல இருந்தா என்ன பிரயோஜனம். அதனால ஆப்ல பக்கத்து வீட்டு அங்கிளையோ இங்கயே இருக்கற தம்பியையோ ரெண்டாவது ஆளாச் சேர்த்துடுங்க, அலாரம் வந்தா அவங்க காரிடார்ல நின்னு பார்த்துட்டு போலீஸுக்கு 999ல கூப்பிடட்டும், தனியா உள்ள போகவேணாம்னு முன்னாடியே சொல்லி வைங்க.

தரைவீட்டுக்கு வர்றேன். மாமா வீடு சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் டெரஸ் வீடு, கீழ ஹால்ல பெரிய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு, கிச்சன் பின்கதவு, சைடு கதவு, மேல பால்கனி ரெண்டு, ஜன்னல் எண்ணிட்டே போகலாம். அத்தனைக்கும் கதவு சென்சார் போட்டா செலவும் பேட்டரி மாத்தற வேலையும் தாங்காது, ஒண்ணு விட்டுப் போனா அந்த வழியா தான் வருவான். அங்க எல்லாரும் தூங்கறது மாடியில, கீழ் மாடி ராத்திரி முழுக்க காலி, அதனால மோஷன் சென்சாரைக் கீழ ராத்திரி ஆன் பண்றதுக்கு எந்தத் தடையும் இல்ல. மாமாகிட்ட நான் சொன்னது, முதல்ல மாடிப்படி அடியில ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, வெளிய போர்ட்டிகோவுல அந்த இரட்டை வகை ஒண்ணு, அதுக்கப்புறம் பின்கதவுக்கும் ஸ்லைடிங் கதவுக்கும் மட்டும் கதவு சென்சார். நாய் வளக்கறதால செல்லப்பிராணிக்கு அடிக்காத மாடல் வேணும்னு கேட்டார். பாக்ஸ்ல 20 கிலோ, 25 கிலோன்னு போட்டிருக்கும், ஆனா அது தரையில நடக்கற நாய்க்கு, சோபா மேலயும் படி மேலயும் ஏறி நின்னா அந்தக் கணக்கு நிக்காது, படிக்கு எதிர்ல வைக்கறதை மட்டும் வேற கோணத்துக்குத் திருப்பிட்டோம்.

ஃப்ளாட்டோ தரைவீடோ, மாட்டி முடிச்சதும் சோதிச்சுப் பாக்கறதை ராத்திரி ஏசி போட்டுட்டுப் பண்ணாதீங்க. ஊருக்குப் போற அன்னிக்கு வீடு எப்படி இருக்குமோ அப்படி வச்சு, ஜன்னல் எல்லாம் சாத்தி ஃபேனை அணைச்சு, மத்தியானம் 2 மணிக்கு மேல ஒருத்தர் வாசல்ல இருந்து பெட்ரூம் வரைக்கும் மெதுவா நடந்து பாருங்க, இன்னொருத்தர் கீழ வாய்ட் டெக்ல (பிளாக்குக்கு அடியில இருக்கற திறந்த தளம்) நின்னு போனைப் பாக்கட்டும். பேட்டரியை மிச்சப்படுத்த நிறைய மோஷன் சென்சார் ஒரு தடவை பிடிச்சதும் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் தூங்கிடும், அதனால ஒவ்வொரு நடைக்கும் நடுவுல மூணு நிமிஷமாச்சும் விட்டு நடங்க. அந்தச் சூட்டுல பிடிச்சா எப்பவும் பிடிக்கும், பிடிக்கலன்னா இடத்தை ஒரு மீட்டர் முன்னாடி கொண்டு வந்து மறுபடி நடந்து பாருங்க.